லுகானோவில் ஒரு காத்திருப்பு அறை

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் வகுப்பில் எங்கள் ஆசிரியை ஒரு பழைய பாட்டைப் போட்டுக் காட்டினார். ஐரோப்பிய நாடுகள் பாட்டு அனுப்பிப் போட்டியிடும் யூரோவிஷனில், 1956இல் வால்ட்டர் ஆந்த்ரேயாஸ் ஷ்வார்ட்ஸ் பாடிய ‘இம் வார்ட்டேஸால் ட்ஸும் க்ரோஸன் க்ளுக்’. அந்தப் போட்டியில் ஒலித்த முதல் ஜெர்மன் பாட்டு இதுதான், இரண்டாம் இடம் பெற்றது என்றார். தேடிப் பார்த்தேன், மதிப்பெண் எங்குமே இல்லை. தலைப்பை ‘பேரதிர்ஷ்டத்துக்கான காத்திருப்பு அறையில்’ என்று மொழிபெயர்த்திருக்கிறேன், சரியா? போட்டிக்குப் போய் யாராவது இவ்வளவு சோகமான பாட்டை அனுப்புவார்களா?

வி.

அன்புள்ள வி.,

உங்கள் தேடலில் குறை ஒன்றும் இல்லை. மதிப்பெண்ணைப் போட்டி நடத்தியவர்கள் வெளியிடவே இல்லை.

1956 மே 24, ஸ்விட்சர்லாந்தின் லுகானோ நகரம், குர்சால் அரங்கம். ஏழு நாடுகள், நாட்டுக்கு இரண்டு பாட்டு, ஆக மொத்தம் பதினான்கு. ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு நடுவர்கள். லக்ஸம்பர்க்கிலிருந்து நடுவர்கள் வரவில்லை, அவர்கள் ஓட்டையும் ஸ்விஸ்காரர்களே போட்டார்கள். சொந்த நாட்டுப் பாட்டுக்கு மார்க் போடவும் தடை இல்லை. கடைசியில் ஸ்விட்சர்லாந்தின் லீஸ் ஆஸியா, ‘ரெஃப்ரேன்’ என்ற பிரெஞ்சுப் பாட்டுக்காக ஜெயித்தார். இதில் சூது இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஏற்பாடு அப்படி. மற்ற பதிமூன்று பாட்டுக்கு என்ன இடம் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அதனால் ‘இரண்டாம் இடம்’ என்பது வெறும் செவிவழிச் செய்தி. அடுத்த வருடப் போட்டி ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் நடந்தது இந்த வதந்திக்குத் தோதாகப் போயிற்று. அந்த 1957இல்தான் மார்க்கை எல்லோரும் பார்க்கச் சொல்வதும், சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போடக் கூடாது என்பதும் வந்தன.

சரி, பாட்டுக்கு வருவோம். எனக்கு அதன் இடம் எத்தனையாவது என்பதைவிட, அதைப் பாடியவர் யார் என்பதுதான் பெரிதாகப் படுகிறது. ஷ்வார்ட்ஸ் 1913இல் பிறந்தவர், யூதப் பின்னணி கொண்டவர், நாஜி வதைமுகாமிலிருந்து பிழைத்து வந்தவர். பாட்டின் சொல்லும் மெட்டும் அவருடையவையே. போர் முடிந்து பதினோரு வருடம்தான் ஆகியிருந்தது. மேற்கு ஜெர்மனியில் தொழிற்சாலைகள் ஓடுகின்றன, கையில் காசு புரள்கிறது, பழையதைப் பற்றிப் பேச யாருக்கும் விருப்பமில்லை. அந்த நேரத்தில் இவர் வந்து ஒரு துறைமுகத்தைப் பாடுகிறார். அங்கே கப்பல் வருவதே அபூர்வம். கடந்தகாலம் என்கிற கரையில், கடலைப் பார்த்தபடி ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள். அதன் சுவர்கள் கனவால் ஆனவை. நிஜம் உள்ளே வந்துவிடக் கூடாதே என்பதற்காக எழுப்பிய சுவர்கள். உள்ளே கூட்டம் கூட்டமாக ஜனங்கள், நாளைய இன்பத்துக்காக நேற்றிலிருந்து காத்திருக்கிறார்கள்; இன்று என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

இதைச் சோகப்பாட்டு என்கிறீர்கள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை, கிண்டல்தான் கேட்கிறது. பல்லவியில் ‘ஃபீலெ ஃபீலெ லாய்ட்டெ’ என்று வருகிறதல்லவா, பலப்பல ஜனங்கள் என்று? அதே இயைபில் முடிக்கும்போது ‘ஆர்மன் ஆர்மன் லாய்ட்டெ’, பாவப்பட்ட பாவப்பட்ட ஜனங்கள் என்கிறார். ஒரு தரம் சொல்லியிருந்தால் அது இரக்கம். அடுக்கிச் சொல்லும்போது உச்சுக்கொட்டுவது போல ஆகிவிடுகிறது. அந்த இடத்தை மறுபடி கேட்டுப் பாருங்கள். அவர் முழுக்கப் பாடுவதுகூட இல்லை, பாதி பேச்சு. ஜெர்மன் காபரே மேடையில், பேச்சும் பாட்டுமாக நையாண்டி செய்கிறவர்களின் பாணி அது.

போட்டிக்கு இதையா அனுப்புவார்கள் என்றால், போட்டி என்றால் என்னவென்றே அப்போது யாருக்கும் தெரியாது. இத்தாலியின் சான்ரெமோ பாட்டு விழாவைப் பார்த்து ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் தொடங்கிய பரிசோதனை இது. பல நாட்டுத் தொலைக்காட்சிகளை ஒரே நேரடி நிகழ்ச்சியில் இணைக்க முடிகிறதா என்று பார்ப்பதும் ஒரு நோக்கம். வீட்டில் டிவி வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், கேட்டவர்களில் நிறையப் பேர் வானொலியில் கேட்டவர்கள். சொல்லை நம்பி நிற்கிற பாட்டுக்கு அது நல்ல மேடைதான். அப்புறம், ஜெர்மனி எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்கவும் இல்லை. அவர்களுடைய இன்னொரு பாட்டை ஃப்ரெடி குவின் பாடினார். ராத்திரிக்கு ஒருவனோடு ஊர் சுற்றும் காதலியைப் பற்றி, ராக் அண்ட் ரோல் துள்ளலில் ஒரு புலம்பல். இரண்டும் ஒரே நாட்டிலிருந்து வந்தவை என்றால் நம்பவே முடியாது.

தலைப்பு மொழிபெயர்ப்பில்தான் உங்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். ‘க்ளுக்’ என்றால் அதிர்ஷ்டமும்தான், மகிழ்ச்சியும்தான். தமிழில் இரண்டையும் ஒரே சொல்லில் பிடிக்க வழியில்லை. லாட்டரிச் சீட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல இவர்கள். அதனால் நான் இன்பத்தின் பக்கம் போவேன். இன்னொன்று அந்த ‘ட்ஸும்’. ஜெர்மனியில் பழைய சத்திரங்களின் பெயர்ப்பலகையில் இது வரும், ‘ட்ஸும் லோவன்’ என்றால் சிங்கம் விடுதி என்பது போல. ஆகவே ‘பேரின்பம்’ என்று பலகை மாட்டிய காத்திருப்பு அறை என்றும் அது காதில் விழுகிறது. உங்கள் ‘பேரதிர்ஷ்டத்துக்கான’ இலக்கணப்படி தவறில்லை, அந்தப் பலகைதான் கழன்று விழுந்துவிட்டது.

உங்கள் ஆசிரியை சொன்ன ‘முதல் ஜெர்மன் பாட்டு’ என்பதும் சரியில்லை. ஜெர்மனி பாடியது நான்காவதாக. இரண்டாவதாகப் பாட வந்த ஸ்விட்சர்லாந்து ஏற்கெனவே ஜெர்மனில் பாடி முடித்திருந்தது. பாடியவர் அதே லீஸ் ஆஸியா, பாட்டு ‘டாஸ் ஆல்ட்டெ காருஸெல்’, பழைய ராட்டினம். அந்த இரவின் படப்பதிவு முழுசாக இல்லை. ஜெயித்த பாட்டை அவர் நெகிழ்ந்து தடுமாறி மறுபடி பாடும் துண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்றதெல்லாம் ஒலியாகத்தான். ராட்டினப் பாட்டையும் ஒரு முறை கேளுங்கள். ராட்டினம் கிழடாகிவிட்டது, குதிரைகள் முன்போல ஓடாது என்கிற பாட்டு அது. மொழி படிக்கிறவர்களுக்கு அந்த வேகம் சௌகரியம்.