கலிலியோவுக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

கேள்வி: கலிலியோ, கெப்ளர் காலத்தில் விஞ்ஞானி என்று ஒரு வேலையே கிடையாதே, சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பாடம் எடுத்தார்கள், ஜாதகம் கணித்தார்கள், அரசர்களுக்குச் சலாம் போட்டார்கள். கலிலியோ 1589இல் பீசாவில் கணிதப் பேராசிரியர் ஆனபோது ஆண்டுச் சம்பளம் வெறும் 60 ஸ்கூடி (அந்தக் கால இத்தாலிய நாணயம்). 1591இல் அப்பா இறந்துபோக, மூத்த பிள்ளையான இவர் தலையில் தங்கையின் வரதட்சணை பாக்கி விழுந்தது (ஆமாம், இத்தாலியிலும் அது உண்டு, பாக்கிக்காக மாப்பிள்ளை கைது வரைக்கும் மிரட்டினார்). அடுத்த ஆண்டு பதுவா பல்கலைக்கழகத்துக்குப் போனார், 180 ஃப்ளோரின் (இதுவும் ஒரு நாணயம்தான்) சம்பளம், அதுவும் பற்றவில்லை. அதனால் வீட்டிலேயே மாணவர்களைக் காசுக்குத் தங்கவைத்தார், டியூஷன் எடுத்தார், பீரங்கிக் கோணத்திலிருந்து வட்டிக் கணக்கு வரை போட உதவும் ஒரு பித்தளைக் கருவியைச் செய்து தர ஒரு கைவினைஞரையும் வீட்டோடு வைத்துக்கொண்டார். ஆனால் கருவியை விற்றதைவிட, அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்ததில்தான் நல்ல காசு!

1609இல் தொலைநோக்கியை வெனிஸ் பெரியவர்களுக்குக் காட்டினார். தூரத்தில் வரும் கப்பல் முன்கூட்டியே தெரிந்தால் வியாபாரிகளும் கடற்படையும் விடுவார்களா? அதற்குள் 520 ஃப்ளோரினாக ஏறியிருந்த சம்பளம் 1000 ஆனது. ஆனாலும் மனிதருக்கு வகுப்பெடுக்கும் தொல்லை வேண்டாம் என்றிருந்தது. மறு ஆண்டு வியாழனைச் சுற்றும் 4 நிலவுகளைக் கண்டதும், ஃபிளாரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்தின் பெயரையே அவற்றுக்குச் சூட்டிவிட்டார். பலன்? அரசவைக் கணிதர் பதவி, 1000 ஸ்கூடி, பாடம் நடத்தவே வேண்டாம். காக்காய் பிடிப்பதுதான், ஆனால் சாமர்த்தியமான காக்காய்.

கோள்களின் பாதையைக் கணக்கிட்ட கெப்ளருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1601 முதல் புனித ரோமானியப் பேரரசரின் கணிதர், பதவி பெரிது, சம்பளம்தான் ஒழுங்காக வராது. பஞ்சாங்கம் போட்டும், பெரிய மனிதர்களுக்கு ஜாதகம் பார்த்தும் ஓட்டினார். வர வேண்டிய பணத்தைக் கேட்கப் போன ரேகன்ஸ்பர்க் நகரிலேயே 1630இல் காய்ச்சலில் இறந்தார்.

இங்கிலாந்துக் கதை தமாஷ். ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கம் மீன்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டது. அதனால் இயக்கம், ஈர்ப்பு விசை பற்றிய நியூட்டனின் ‘பிரின்சிபியா’ புத்தகத்தை அச்சிடக் காசில்லை, வானியலாளர் ஹாலி தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1687இல் கொண்டுவந்தார். அப்புறம் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்த்த அதே ஹாலிக்குச் சம்பளம் கொடுக்கவும் காசில்லாமல், விற்காத மீன் புத்தகங்களையே கட்டிக் கொடுத்தார்கள்.