மோனேயின் தோட்ட ஓவியங்களில் மனநிலையை எப்படிப் படிப்பது?

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ‘அல்லிக்குளம்’ ஓவியத்தில் ஒரு பாலமும் குளமும்தான் தெரிகின்றன. அமைதி, ஏக்கம் என்றெல்லாம் இதில் எப்படிப் படிக்கிறார்கள்?

பதில்: லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் 1899ஆம் ஆண்டு ஓவியத்தைக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மேல் விளிம்பைப் பாருங்கள். வானமே கிடையாது, கடைசி வரை மரமும் இலையும்தான். வெளியே போகப் பார்வைக்கு வழியில்லை, குளத்துக்கே திரும்பி வருகிறது. நாம் அமைதி என்று சொல்வதில் பாதி இந்த அடைப்பிலிருந்து வருவது என்பேன். அந்த இடமும் தானாக அமைந்ததல்ல. பிரான்சில் தான் வாழ்ந்த ஜிவெர்னி கிராமத்தில் 1893இல் நிலம் வாங்கி, குளம் வெட்டவைத்து, ஜப்பானிய பாணியில் பாலம் போட்டவர் மோனேதான். தூரிகையை எடுக்கும் முன்பே பாதி ஓவியம் முடிந்துவிட்டது!

அப்புறம் தீற்றல்கள், அதாவது தூரிகை விட்டுச்செல்லும் வண்ணத் தடங்கள். கேலரியின் இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கித் தண்ணீரை மட்டும் பாருங்கள். அல்லி இலைகள் கிடைமட்டமாகப் படர்கின்றன, செடிகளின் பிரதிபலிப்பு மேலிருந்து கீழாக இறங்குகிறது. தண்ணீருக்கென்று தனி நிறம் எதுவும் இல்லை. இந்த இரண்டு திசைகளும் குறுக்கிடுவதால்தான் குளத்தின் மேற்பரப்பும் அதற்குள் ஒரு ஆழமும் ஒன்றாகத் தெரிகின்றன. பூ என்று நாம் நினைப்பது கிட்டத்தில் பார்த்தால் அப்பிவைத்த சிறு வண்ணக் கட்டி, அவ்வளவுதான். கூர்மையான விளிம்பு எங்கும் இல்லாததால் பார்வை எதிலும் முட்டாமல் நழுவிக்கொண்டே போகிறது.

சரி, ஏக்கம்? எனக்கு இந்த ஓவியத்தில் அது தெரியவில்லை. அதே பாலத்தை 1920 வாக்கில் அவர் திரும்ப வரைந்தவற்றில்தான் பலரும் துயரத்தைத் தேடுவார்கள். சிவப்பும் பழுப்பும் கொழுந்துவிட, சிலவற்றில் பாலம் இருக்கிறதா என்றே தேட வேண்டியிருக்கும். முதுமையின் வேதனை என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் அவருக்குக் கண்புரை இருப்பது 1912இலேயே தெரிந்துவிட்டது. புரை முற்ற முற்ற நீலம் மங்கும், உலகமே மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும். 1923இல் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, முன்பு வரைந்த சிலவற்றை அவரே திருத்தவும் செய்தார்.

அதனால் அந்தச் சிவப்பு மனதிலிருந்து வந்ததா கண்ணிலிருந்து வந்ததா என்று என்னால் பிரிக்க முடியாது. தீற்றல்கள் தடித்துச் சுருண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதை வைத்து ஒரு கொந்தளிப்பைச் சொல்வேன். நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன்.