டேவிஸ் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்

தம்பி, இல்லினாய் மாநிலத்துப் புளூமிங்டனுக்கு வந்து மூன்று மாதமாகிறது, ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், சோளக்காட்டைத் தவிர இங்கே காட்ட என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையே சொல்லிப் புலம்பியவன்தான். எல்லோரும் ஸ்பிரிங்ஃபீல்டு லிங்கன் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். அதற்கு ஒரு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். முதலில் உள்ளூரிலேயே மன்ரோ டிரைவில் உள்ள டேவிட் டேவிஸ் மாளிகையைப் பாருங்கள்.

டேவிஸும் வெளியூர்க்காரர்தான். மேரிலாந்தில் பிறந்து, 1836இல் இங்கே வந்து வக்கீல் தொழில் தொடங்கியவர். 1848இல் எட்டாவது சர்க்யூட்டின், அதாவது பல ஊர்களைச் சுற்றி வந்து வழக்கு விசாரிக்கும் நீதிமன்ற வட்டாரத்தின், நீதிபதியானார். அப்போது நீதிபதியும் வக்கீல்களும் சேற்றுப் பாதையில் குதிரை வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். சத்திரத்தில் வக்கீல்கள் ஒரே கட்டிலில் இரண்டு பேராக முடங்கிக் கிடக்க, நீதிபதிக்கு மட்டும் தனிக் கட்டிலாம். பதவிக்கான மரியாதை மட்டுமல்ல, அவர் 300 பவுண்டு எடையைத் தாண்டிய ஆள்!

அந்த வக்கீல்களில் ஒருவர் லிங்கன். ரயில்வே கம்பெனி ஃபீஸ் கொடுக்காமல் இழுத்தடிக்க, 1857இல் இதே ஊர்க் கோர்ட்டில், டேவிஸ் முன்னிலையில் வழக்குப் போட்டு 5,000 டாலருக்குத் தீர்ப்பு வாங்கினார். 1860இல் சிகாகோவில் நடந்த குடியரசுக் கட்சி மாநாட்டில் ஆள் ஆளாகப் பேசி லிங்கனை ஜனாதிபதி வேட்பாளராக்கியதில் டேவிஸுக்குத்தான் பெரிய பங்கு. 1862இல் லிங்கன் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார். நட்புக்குக் கைம்மாறு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் 1866இல் மில்லிகன் வழக்கில், சிவில் நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை ராணுவ நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று தீர்ப்பெழுதியவர் இவர்தான். அந்த ராணுவ விசாரணை லிங்கன் ஆட்சியில் நடந்தது. எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான். பிறகு செனட்டர் ஆனதெல்லாம் எனக்குச் சுவைப்படவில்லை.

மாளிகை 1872இல் கட்டி முடிந்தது, 36 அறைகள். என் அம்மா அதைக் கேட்டதும், "கூட்டிப் பெருக்கியது யார்?" என்றார். நான் மொழிபெயர்த்ததும் வழிகாட்டி சிரித்துவிட்டு, வேலைக்காரப் பெண்களைப் பற்றியே வெகுநேரம் பேசினார். டேவிஸ் பாதி நாள் வாஷிங்டனில் இருக்க, இந்த மாளிகையில் இருந்து குடும்பம் நடத்தியவர் மனைவி சாரா. 1879இல் இறந்துபோனார்.

உங்கள் அம்மாவுக்கு மூட்டு வலி உண்டா? மாடிப்படிகள் உண்டு, முன்னாலேயே சொல்லிவிடுங்கள். திறந்திருக்கும் நாள்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். கோடையில் போனால் சாராவின் பூந்தோட்டமும் பூத்திருக்கும். அப்பாவை அதில் விட்டுவிட்டால் போதும்.