டிகோடர் போட்டதும் புகை வருதே! வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், என்கிட்ட ஒரு பழைய எச்ஓ சைஸ் மாடல் ரயில் டீசல் என்ஜின் இருக்கு, சாதா டிசில (நேர் மின்சாரத்துல) நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு. டிசிசிக்கு (ஒவ்வொரு என்ஜினுக்கும் தனியா டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஓட்டற முறை) மாத்தலாம்னு, அந்தக் கட்டளையைப் புரிஞ்சுக்கற டிகோடர் போர்டை வாங்கி, கலர் பார்த்து எல்லா ஒயரையும் சால்டர் பண்ணி டிராக்ல வச்சேன், உடனே புகை, ஒரே கருகல் வாடை. டிகோடர் டூப்ளிகேட்டா இருக்குமா? வேற கம்பெனி வாங்கட்டுமா?

பதில்: எந்த கம்பெனி வேணா வாங்குங்க, ஆனா அப்படியே மாட்டிடாதீங்க, அதுவும் கருகும். மொதல்ல மோட்டாரைப் பாருங்க. பழைய என்ஜின் நிறையதுல, உதாரணத்துக்கு அத்தெர்ன் கம்பெனியோட புளூ பாக்ஸ் டீசல்கள்ல, ஒரு பக்க தண்டவாளத்து கரண்ட் நேரா உலோக ஃபிரேமுக்கே வந்துடும், மோட்டாருக்கு அடியில இருக்கற பிரஷ் கிளிப் (மோட்டாருக்குள்ள கரண்ட் கொடுக்கற பிரஷ்ஷைப் பிடிக்கற தகடு) அந்த ஃபிரேமைத் தொட்டு எடுத்துக்கும், தனி ஒயரே கிடையாது. டிசிக்கு அது சிக்கனமான நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல ஒண்ணுமில்ல. டிசிசில அதுதான் எமன். ஏன்னா இங்க என்ஜின் நின்னாலும் தண்டவாளத்துல 14, 15 வோல்ட் எப்பவும் இருந்துட்டே இருக்கும், டிகோடர்தான் அதை வாங்கி மோட்டாருக்கு அளந்து கொடுக்கணும். டிகோடர்ல இருந்து மோட்டாருக்குப் போற ஆரஞ்சு, கிரே ஒயர் ரெண்டுல ஒண்ணு ஃபிரேமோட சேர்ந்துட்டா அந்த வோல்டேஜ் கொல்லைப்புற வழியா டிகோடரோட அவுட்புட் டிரான்சிஸ்டர்ல பாஞ்சிடும், அவ்ளோதான், கதை முடிஞ்சுது.

அதனால மோட்டாரைக் கழட்டி, அடி கிளிப்ல ஃபிரேமைத் தொடுற ரெண்டு காதையும் வெட்டிட்டு, கீழ ஃபிரேம்ல சூடு தாங்கற காப்டன் டேப் ஒட்டுங்க (கருப்பு இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம், சூட்டுல பசை இளகி நழுவிடும்). கிரே ஒயர் அடி கிளிப்புக்கு, ஆரஞ்சு மேல் கிளிப்புக்கு. மேல இருந்து சக்கரத்துக்குப் போற தகட்டையும் மோட்டார்ல இருந்து பிரிச்சிடணும். சிவப்பு வலது பக்க சக்கரத்துல இருந்து, கருப்பு இடது பக்கம். இதுல முக்கியம் என்னன்னா, டிகோடரை இணைக்கறதுக்கு முன்னாடியே மல்டிமீட்டரை கன்டினியூட்டில வச்சு, ரெண்டு பிரஷ்ஷையும் ஒவ்வொண்ணா எடுத்து எல்லா சக்கரத்தோடயும் ஃபிரேமோடயும் தொட்டுப் பாருங்க. ஒரு இடத்துல கூட பீப் வரக்கூடாது. வந்தா சால்டரிங் அயர்னை ஓரமா வச்சிட்டு எங்க தொடுதுன்னு தேடுங்க, சில என்ஜின்ல மோட்டாரைப் பிடிக்கற இரும்பு ஸ்குரூவே குற்றவாளி, நைலான் ஸ்குரூ போட்டா சரியாயிடும்.

இன்னொண்ணு, பழைய மோட்டார் கரண்ட் அதிகமா குடிக்கும். 12 வோல்ட் டிசில ஓடவிட்டு ஒரு நொடி ஃபிளைவீலை (மோட்டார் தண்டுல இருக்கற கனமான சக்கரம்) பிடிச்சு நிறுத்தி அம்மீட்டர்ல பாருங்க. அந்த அளவை உங்க டிகோடர் தாங்கும்னா மட்டும் போடுங்க.

கேள்வி: டிகோடர் மாட்ட 8 பின் சாக்கெட் இருக்கற என்ஜின்தான், சும்மா டிகோடரை பிளக் பண்ணேன். ஓடுது, ஆனா லைட் எரியல, முன்னாடி போன்னா பின்னாடி போகுது.

பதில்: பிளக்கைத் திருப்பி மாட்டியிருக்கீங்க. அந்த சாக்கெட்ல சிவப்பு கருப்புக்கு மூலைக்கு மூலை எதிர், ஆரஞ்சு கிரேக்கு மூலைக்கு மூலை எதிர், அதனால தலைகீழா வச்சாலும் மோட்டார் சுத்தும். லைட்டுக்குப் பொதுவான நீல ஒயர் மட்டும் பச்சையோட இடத்துக்குப் போயிடும், அதான் இருட்டு. பவரை ஆஃப் பண்ணிட்டு ஆரஞ்சு ஒயர் 1-ம் நம்பர் பின்ல வர்ற மாதிரி திருப்பிப் போடுங்க. பொதுவா ஒண்ணும் கெட்டுப்போயிருக்காது.

கேள்வி: மெயின் டிராக்ல 3-ம் நம்பர் அட்ரஸ்ல (என்ஜினைக் கூப்பிடற நம்பர்) அழகா ஓடுது, டிகோடர் செட்டிங்கைப் படிக்க, மாத்த இருக்கற புரோகிராமிங் டிராக்ல வச்சா மட்டும் என்ஜினே இல்லங்குது. டிகோடர் போச்சா சார்?

பதில்: போகல, ஓடுதே! புரோகிராமிங் டிராக்ல டிகோடர் 'ஆமா'ன்னு பதில் சொல்றதே மோட்டாருக்குச் சின்னதா ஒரு துடிப்பு கொடுத்துத்தான். குறைஞ்சது 60 மில்லி ஆம்பியர், 6 மில்லி செகண்ட். சக்கரத்துல அழுக்கு இருந்தா அது கட்டளை அனுப்பற கமாண்ட் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேராது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைச்சிட்டு மறுபடி வைங்க. ஸ்டே அலைவ் கெப்பாசிட்டர் (கரண்ட் விட்டு விட்டு வந்தாலும் என்ஜின் நிக்காம இருக்கப் போடுறது) போட்டிருந்தாலும் இதே கூத்துதான், அதைத் தற்காலிகமா கழட்டிட்டு டிகோடரைப் படிச்சுப் பாருங்க. அப்பவும் அடம் பிடிச்சா சிவி 8-ல (சிவின்னா டிகோடருக்குள்ள செட்டிங்கை வைக்கற நம்பர் போட்ட இடம்) 8-னு எழுதிப் பாருங்க, நிறைய டிகோடர் அதுல ஃபேக்டரி செட்டிங்குக்குத் திரும்பிடும், ஆனா நீங்க மாத்தி வச்ச ஸ்பீடு செட்டிங் எல்லாம் போயிடும், முன்னாடியே ஒரு பேப்பர்ல குறிச்சு வச்சுக்கோங்க.