ஊசி போட்டாச்சே, சீரம் எதுக்கு?

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை. திங்கட்கிழமை காலை லயன் வீட்டுப் பக்கம் திரியும் நாய் என் எட்டு வயது மகளின் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. நான்கு பல் பதிந்து ரத்தம் வந்தது. அன்றைக்கே இரண்டு கையிலும் ஊசி போட்டார்கள், வியாழனன்று இரண்டாவது முறையும் போட்டாயிற்று. "சேலம் போய் சீரமும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஊசிதான் போட்டாச்சே, சீரம் எதுக்கு? எடை 22 கிலோ. நேற்று இரவு லேசான காய்ச்சல், அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. மிச்ச ஊசியை நிறுத்திவிடலாமா? கடித்த மறுநாளிலிருந்து நாயைக் காணவில்லை. அதற்கு முந்தின நாள் என் மனைவியின் கையை அது நக்கியது. அவளுக்கு முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மாத்திரை ஓடுகிறது. அவளுக்கும் ஊசி போடணுமா?

பதில்: இன்று வெள்ளி. இதைப் படித்த கையோடு மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு சேலத்துக்குக் கிளம்புங்கள். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் சீரம், அதாவது தயாராக உள்ள எதிர்ப்பு மருந்து, போடுவார்கள். உங்கள் மகளுக்கு அந்தக் கெடு வருகிற திங்களோடு முடிகிறது. திங்கள் வரை பொறுக்கலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. சீரம் முதல் ஊசியோடு சேர்த்துப் போயிருக்க வேண்டியது, ஏற்கெனவே நான்கு நாள் போய்விட்டது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போகலாம். ஊசி அட்டையையும் மனைவி சாப்பிடும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, ஏன் என்று சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் அடுத்த 24 நாளும் தவறாமல் போய்வர மனசு வரும்.

நாய்க்கு வெறி இருந்திருந்தால், அதன் எச்சிலோடு ரேபிஸ் வைரஸ் கெண்டைக்கால் தசைக்குள் போயிருக்கும். அது ரத்தத்தில் கலந்து ஓடுவதில்லை. தசையும் நரம்பும் சேரும் இடத்தில் ஒட்டிக்கொண்டு, நரம்பு நுனிக்குள் நுழைந்து, அந்த நரம்பின் வழியே முதுகுத்தண்டுக்கும் அங்கிருந்து மூளைக்கும் ஏறுகிறது. இது நடக்க நாள் பிடிக்கும். அதனால்தான் கடிபட்ட பிறகு நோய் வெளிப்பட பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகிறது. சிலருக்கு ஒரே வாரத்தில் வந்ததும் உண்டு, ஒரு வருடம் கழித்து வந்ததும் உண்டு. காலில் கடித்தால் பாதை நீளம். முகம், கழுத்து, விரல் நுனி என்றால் நரம்பு அடர்த்தி அதிகம், ஆபத்தும் அதிகம். உடம்பில் வேறு பல கிருமிகள் நுழைந்தால் காய்ச்சல், வீக்கம், சீழ் என்று ஏதாவது ஆரவாரம் நடக்கும். இந்த வைரஸ் அப்படி எதையும் காட்டாமல் நரம்புக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்துக்குத் திருடன் வந்ததே தெரியாது. தெரியவரும்போது மூளைக்குள் போயிருக்கும். அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. ஆகவே வைரஸ் நரம்புக்குள் நுழைவதற்கு முன் அதைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். கட்டிப்போடுவது ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் புரதம். அது வைரஸின் மேல்தோலில் முள்முள்ளாக நிற்கும் புரதத்தின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். முள் மூடிப்போனால் வைரஸால் நரம்பைப் பற்ற முடியாது.

இப்போது ஊசிக்கு வருவோம். கையில் போட்டது கொல்லப்பட்ட வைரஸ். நோயை உண்டாக்காது, அடையாளம் காட்டுவதற்கு மட்டும் பயன்படும். தோலுக்குள் இருக்கும் காவல் செல்கள் அதை விழுங்கி, துண்டு துண்டாக்கி, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய்க் காட்டுகின்றன. அங்கே கோடிக்கணக்கான செல்களில் இந்த வைரஸுக்குப் பொருந்துகிறவை வெகு சிலவே இருக்கும். அவை ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகிப் பெருக வேண்டும். பெருகி ஆன்டிபாடி சுரக்கத் தொடங்க ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். போதுமான அளவு, அதாவது ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 0.5 யூனிட், சேர ஏறத்தாழ 14 நாள். இது சொந்த உழைப்பில் சேரும் பணம் மாதிரி: நிலைத்து நிற்கும், ஆனால் உடனே கைக்கு வராது.

அந்த முதல் வாரம், பத்து நாளுக்குத்தான் சீரம். அது கைமாற்று. வேறொரு உடம்பு தயாரித்து வைத்த ஆன்டிபாடியைக் கொண்டுவந்து, காயத்துக்குள்ளேயே நேராக இறக்குகிறோம். சில வாரங்களில் கரைந்துபோகும், எதையும் நினைவில் வைக்காது. ஆனால் போட்ட நிமிடத்திலிருந்து வேலை செய்யும். ஊசி இல்லாமல் சீரம் மட்டும் போட்டால் கைமாற்று தீர்ந்தவுடன் கையில் ஒன்றுமிருக்காது. சீரம் இல்லாமல் ஊசி மட்டும் போட்டால் முதல் வாரம் முழுக்க காயம் காவலின்றிக் கிடக்கும். ரத்தம் வரக் கடித்த கடிக்கு இரண்டும் சேர்ந்தால்தான் சிகிச்சை. ஏழு நாளுக்குப் பிறகு சீரம் ஏன் கூடாது என்றால், அதற்குள் உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி தயாரிக்க ஆரம்பித்திருக்கும். வெளியிலிருந்து வருவது அந்த வேலையை மட்டுப்படுத்தக்கூடும்.

அளவு உங்கள் முன்னாலேயே கணக்குப் போடுவார்கள், நீங்களும் தெரிந்துவைத்திருங்கள். குதிரையிலிருந்து எடுத்த சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட். 22 கிலோவுக்கு 880 யூனிட். வழக்கமான 5 மில்லி குப்பியில் 1500 யூனிட், மில்லிக்கு 300. ஆக உங்கள் மகளுக்கு அதிகபட்சம் மூன்று மில்லிக்குச் சற்றுக் குறைவு. மனித ரத்தத்திலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 20 யூனிட், விலை பல மடங்கு. செல் வளர்ப்பில் தயாரிக்கும் மோனோகுளோனல் வகைகளும் இப்போது வந்திருக்கின்றன. எது இருப்பில் இருக்கிறதோ அதை உடனே போட்டுக்கொள்வதே முக்கியம், "மனித சீரம்தான் வேணும்" என்று இரண்டு நாள் அலைவது தவறு.

சீரத்தைத் தொடையிலோ கையிலோ போட்டு அனுப்பிவிட்டால் பயன் மிகக் குறைவு. நான்கு பல் குழியிலும், ஒவ்வொன்றின் ஆழத்திலும் சுற்றுப்புறத்திலும், மெல்லிய ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். பொருக்கு கட்டி மேலே மூடியிருந்தாலும் அதே இடத்தில்தான். சதை உப்பிக்கொண்டு வரும், நன்றாக வலிக்கும், குழந்தை கதறும். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து முகத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் முழங்காலை அசையாமல் பிடியுங்கள். பல் குழி எதையும் விட்டுவிடவில்லையே என்று ஒருதரம் எண்ணிக் கேளுங்கள். பல இடத்தில் கடி இருந்து மருந்து பற்றாவிட்டால், அளவைக் கூட்டமாட்டார்கள். சலைன் கலந்து அளவைப் பெருக்கி எல்லாக் காயத்துக்கும் பங்கிடுவார்கள்.

குதிரை சீரம் வேற்று விலங்கின் புரதம் என்பதால் வெகு சிலருக்கு உடனடி ஒவ்வாமை வரலாம். ஆகவே போட்ட பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். ஏழிலிருந்து 14 நாளுக்குள் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால், அது உடம்பு குதிரைப் புரதத்துக்கு எதிராக ஆன்டிபாடி தயாரித்து, இரண்டும் முடிச்சு முடிச்சாகச் சேர்ந்து மூட்டிலும் தோலிலும் படிவதால் வருவது. டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும். அப்போதும் தடுப்பூசியை நிறுத்தக் கூடாது.

உங்கள் மகளுக்கு நேற்று வந்த காய்ச்சலும் அக்குள் நெறியும் வேறு விஷயம். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமல்லவா, அதேதான். கையில் போட்ட ஊசியைப் பார்த்து, அக்குளில் உள்ள கணுவுக்குள் செல்கள் பெருகுவதால் அது வீங்கியிருக்கிறது. நாம் எதிர்பார்க்கும் வேலை நடப்பதற்கு அதுவே அடையாளம். பாரசிட்டமால் எடைக்கேற்ப கொடுக்கலாம். நெறி மேல் பற்றுப்போட வேண்டாம், அமுக்கித் தேய்க்கவும் வேண்டாம். கெண்டைக்கால் காயம் சிவந்து, சூடாகி, சீழ் வைத்துத் தொடை இடுக்கிலும் நெறி கட்டினால் அது நாய் வாயிலிருந்த பாக்டீரியா. அதற்குத் தனியாக ஆன்டிபயாட்டிக் வேண்டியிருக்கும். டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்று அட்டையில் பாருங்கள்.

மிச்ச ஊசியை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில் 0.1 மில்லி. முதல் ஊசி போட்ட நாள்தான் பூஜ்யம், கடித்த நாள் கணக்கில்லை. தசையில் போடும் முறையென்றால் 0, 3, 7, 14, 28 என்று ஐந்து. தொடங்கிய முறையிலேயே முடிப்பது நல்லது. தோலுக்குள் காவல் செல்கள் அடர்த்தியாக இருப்பதால்தான் இவ்வளவு சிறிய அளவு மருந்தே போதுமாகிறது. ஆனால் அது சரியான ஆழத்தில் போக வேண்டும். ஊசி போட்டதும் மேல்தோலில் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக ஒரு சிறு கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் மருந்து ஆழமாகப் போய்விட்டது என்று பொருள், பக்கத்தில் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்கலாம். பிட்டத்தில் போடவே கூடாது. அங்குள்ள கொழுப்பில் மருந்து தங்கிவிடும். 28-ஆம் நாள் ஊசியைத்தான் நிறையப் பேர் "காயம் ஆறிப்போச்சே" என்று விட்டுவிடுகிறார்கள். நீண்ட நாள் நினைவை உறுதிப்படுத்துவது அந்த ஊசிதான். ஒரு தேதி தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், அடுத்த நாளே போய் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

மருந்துக் கடையில் வாங்கி மலைக்குக் கொண்டுபோக நேர்ந்தால் 2 முதல் 8 டிகிரி குளிர் விடாமல் இருக்க வேண்டும். ஐஸ் பையோடு சிறு பெட்டி கேளுங்கள், குப்பி நேராக ஐஸில் படக் கூடாது. உறைந்தாலும் கெட்டுவிடும், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுவதற்குள் பஸ்ஸில் சூடானாலும் கெட்டுவிடும்.

நாயைக் காணவில்லை என்பதால் நம் முடிவு எளிதாகிவிட்டது: வெறிநாய் என்றே கொள்ள வேண்டும். கட்டிவைத்துப் பார்க்க முடிந்திருந்தால், பத்து நாள் அது நலமாக இருக்கிறதா என்று கவனித்து மூன்று ஊசியோடு நிறுத்தலாமா என்று டாக்டர் முடிவெடுத்திருப்பார். இந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. மலைப்பாதையில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கும்போது கீறிவிடும் குரங்குக்கு இது பொருந்தாது. குரங்குக் கடி என்றால் பார்த்துக்கொண்டிருக்காமல் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும்.

இப்போது உங்கள் மனைவி. இதைத்தான் நீங்கள் கடைசியில் ஒரு வரியாகக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு இதுவே அதிகக் கவலை தருகிறது. நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பிருந்தே நாயின் எச்சிலில் வைரஸ் இருக்கும். கீறலே இல்லாத தோலை நக்கினால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் கவாத்து வேலையில் கை கீறாமல் இருப்பது அபூர்வம். நக்கிய அன்று கையில் ஆறாத கீறலோ விரலில் வெடிப்போ இருந்திருந்தால் அது உங்கள் மகளின் கடியோடு ஒரே வகை: ஊசியும் வேண்டும், சீரமும் வேண்டும். வெறும் சோப்புப் போட்டுக் கழுவியது போதாது.

வாரம் ஒரு மாத்திரை என்பது அநேகமாக மெத்தோட்ரெக்சேட். தன் மூட்டையே தாக்கும் எதிர்ப்புச் செல்கள் பெருகாமல் அது அடக்கிவைக்கிறது. அதே காரணத்தால் ஊசியைப் பார்த்துப் பெருக வேண்டிய செல்களும் மந்தமாகும். கூடவே ஸ்டீராய்டு சாப்பிட்டால் இன்னும் மந்தம். இப்படி எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ரத்தம் வராத சிறு கீறலுக்கும் சீரம் போடச் சொல்லித்தான் வழிகாட்டுதல் இருக்கிறது. ஒரு ஊசியும் குறையாமல் முடித்து, இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து ரத்தத்தில் ஆன்டிபாடி 0.5 யூனிட்டைத் தொட்டதா என்று பரிசோதிக்க வேண்டும். தோலுக்குள் போடுவதற்குப் பதில் தசையில் ஐந்து ஊசி போதும் என்றோ வேறு விதமாகவோ டாக்டர் தீர்மானிக்கலாம். செத்த வைரஸ் ஊசி என்பதால் முடக்குவாதக்காரர்களுக்கு இதனால் ஆபத்தில்லை. மாத்திரையைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். மூட்டு வீங்கி முடங்கிப்போனால் 28 நாள் அலைச்சல் இன்னும் கஷ்டமாகும். மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

பத்தியம் பற்றியும் ஒரு வார்த்தை. கறி, முட்டை, எண்ணெய்த் தாளிப்பு எதையும் ஒதுக்கத் தேவையில்லை, குளிக்கவும் தடையில்லை. குழந்தைக்கு வயிறாரச் சாப்பாடு கொடுங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது மூளைத் திசுவில் தயாரித்த பழைய மருந்தின் காலம், இந்தியாவில் அது 2005-க்குப் பிறகு கிடையாது. காயத்தில் சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காபித்தூள் வைப்பது வைரஸைக் கொல்வதில்லை. சதையை அரித்து, நரம்பு நுனியைத் திறந்துவிடும். இனி யாரைக் கடித்தாலும் முதல் வேலை, குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவுவது. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பில் கரைந்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் மருந்தில் இதைவிடச் சிறந்தது இல்லை. பிறகு பொவிடோன் அயோடின். தையல் போடுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும், போட்டே ஆக வேண்டுமென்றால் சீரம் இறக்கிய பிறகு தளர்வாக.

நான்காவது ஊசியும் முடிந்ததும் அந்த அட்டையை ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே போட்டுவையுங்கள். உங்கள் மகளின் உடம்பில் நினைவுச் செல்கள் தங்கியிருக்கும். பின்னொரு நாள் மறுபடி கடி பட்டால் அவை ஓரிரு நாளிலேயே விழித்துக்கொள்ளும். அப்போது 0, 3 ஆகிய இரண்டு நாள் ஊசி போதும், சீரம் வேண்டியதில்லை. ஆனால் முழுக் கோர்ஸ் முடித்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள், அட்டை இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.