டர்பன் அத்தைக்கு என்ன எழுதுவது?

கேள்வி: என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி 1880-களில் திருவள்ளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். அவருடைய பேத்தி, எண்பதை நெருங்கும் அம்மா, போன வருடம் டர்பனிலிருந்து எங்களைத் தேடிப் பிடித்தார். அவர் கேட்டதெல்லாம் ஊர்ப் பெயரும் குலதெய்வமும்தான். ஆரம்பத்தில் வாட்ஸ்அப்பில் நிறையப் பேசினோம், இப்போது பண்டிகைக்கு ஒரு வாழ்த்துப் படம், அவ்வளவுதான். அவருக்குத் தமிழ் தெரியாது. 'நிலத்துல பங்கு கேட்கத்தான் வர்றாங்க' என்று வீட்டில் வேறு பேச்சு. இந்த உறவை எப்படித் தொடர்வது?
– ஒரு வாசகி, குரோம்பேட்டை

பதில்: பங்குக்கு வருகிறவர் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிப்பார், குலதெய்வத்தை ஏன் விசாரிக்கப் போகிறார்? வீட்டில் அந்தப் பேச்சை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அந்த அம்மா காதில் விழுந்தால் எவ்வளவு வேதனைப்படுவார்!

வாழ்த்துப் படத்தால் உறவு வளராது. இரண்டு வீடும் சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும், உங்களுக்கு அது தயாராகவே இருக்கிறது. 1860 அக்டோபரில் மதராஸிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பலில் ஆரம்பித்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்குப் போனார்கள், பெரும்பாலானவர்கள் நம் துறைமுகத்தில் ஏறியவர்கள், ஐந்து வருட ஒப்பந்தத்தில். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போட்டு, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதி வைத்தார்கள். அந்த எண் டர்பன் வீட்டுப் பழைய காகிதங்களில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடைத்தால் அதை வைத்துப் பதிவேட்டில் அவருடைய வரியைத் தேடிப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயர் அவர்களுக்கு விளங்காது, ஆனால் திருவள்ளூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பிடிபட்டுவிடும். தோட்டத்தில் யார் யாரைக் கட்டினார்கள், எத்தனை பிள்ளைகள் என்பது அவர்களிடம் இருக்கும். இங்கே தங்கிவிட்ட அண்ணனின் வாரிசுகள் உங்களிடம். இரண்டையும் ஒரே தாளில் எழுத ஆரம்பித்தால் பேச விஷயமா இல்லாமல் போகும்?

அப்புறம், முறை வைத்துக் கூப்பிடுங்கள். கொள்ளுத்தாத்தாவின் தம்பி மகன் உங்கள் தாத்தாவுக்குத் தம்பி முறை. அவர் மகள் உங்கள் அப்பாவுக்குத் தங்கை, அதாவது உங்களுக்கு அத்தை. 'மேடம்', 'ஆன்ட்டி' என்று எழுதிக்கொண்டிருந்தால் இன்றோடு விடுங்கள். 'அத்தை' என்று நீங்கள் கூப்பிடுவதைக் குரல் பதிவாக அனுப்புங்கள், அவரும் திருப்பிச் சொல்லிப் பார்க்கட்டும். மற்றதை ஆங்கிலத்திலேயே பேசுங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை.

தமிழ் பேச்சு போனாலும் அங்கே வழிபாடு போகவில்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள், ஆடியில் மாரியம்மனுக்கு நம்மைப் போலவே கூழ் ஊற்றுகிறார்கள். கூழுக்கு என்ன மாவு, என்ன தொட்டுக்கொள்ள, யார் வீட்டில் முதல் பானை என்று கேட்டுப் பாருங்கள், அந்த அம்மா ஒரு மணி நேரம் பேசுவார். அவர்கள் பாட்டி சொன்னதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வெளியே வரும், அதனால் அனுமதி கேட்டுப் பதிவு செய்து வையுங்கள். எண்பது வயது, தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: பங்காளி வீடு என்பதால், இங்கே ஒரு சாவு என்றால் அன்றே சொல்லுங்கள், கல்யாணம் என்றால் பத்திரிகை அனுப்புங்கள். வர முடியாது என்று தெரிந்தாலும் அனுப்புங்கள்.

டர்பன் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். ஞாயிறு மாலை ஆறரைக்குக் கூப்பிட்டால் அங்கே மதியம் மூன்று, சாப்பாடு முடிந்திருக்கும். அடுத்த தலைமுறைப் பிள்ளை ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கமும் ஒருவர் வரட்டும்.