எயிட்ஸ் ஆராய்ச்சி என்றதும் திடுக்கிட்ட உப்புவெளித் தாய்க்கு

அன்புள்ள அம்மா,

மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் பரீட்சைப் புள்ளி) போதவில்லை, மகள் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் படித்து எச்.ஐ.வி. தடுப்பு ஆராய்ச்சிக்குப் போகப்போகிறேன் என்கிறாள், கலியாணம் பேச வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், வேலையில் ஊசி குத்தித் தொற்றிவிடுமோ என்ற பயம். எச்.ஐ.வி. உள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றுவது ஆயிரத்துக்கு மூன்று அளவில்தான். 72 மணித்தியாலத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் எடுத்தால் அதுவும் வெகுவாகக் குறையும். பிள்ளை நிலாவெளி வீதியால் ஸ்கூட்டியில் டியூசனுக்குப் போய்வந்ததுதான் எனக்குப் பெரிய பயம்!

இந்தத் துறை வளர்ந்த கதையைக் கேளுங்கள். 1980இல் கனடாவின் மனிடோபா, கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகங்கள் கைகோத்தது பால்வினைப் புண் நோய் ஒன்றை ஆராயத்தான். எயிட்ஸ் என்ற பெயரே அப்போது இல்லை. பிறகு அவர்கள் ஆராய்ந்த கிளினிக்குகளுக்கே எச்.ஐ.வி. வந்தது. நைரோபியின் பும்வானியில் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்தபோது, சிலருக்கு மட்டும் தொற்றவே இல்லை. ஏன் என்ற கேள்வி நோயெதிர்ப்பு ஆய்வாக விரிந்தது. கென்யாவின் கிசுமு நகரில் 2,784 இளைஞர்களோடு நடந்து 2007இல் வெளியான ஆய்வு, சுன்னத்து செய்வது ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்தை ஏறத்தாழப் பாதியாக்குவதைக் காட்டியது. அதிலும் இந்த இரு பல்கலைக்கழகத்தாரும் இருந்தார்கள். மனிடோபாக்காரர் கர்நாடகத்துக்கும் வந்தார்கள்.

2,784 பேரின் இரத்தத்தை யார் சோதித்தது? வராதவர்களை யார் வீடு தேடிப் போனது? டாக்டர்மார் சிலர்தான். மற்றதெல்லாம் ஆய்வுகூடத்தார், தாதியர், புள்ளிவிபரம் படித்தவர், ஊர்ப்பாஷை பேசும் களப்பணியாளர்.

கலியாணம் பேச வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. கிளினிக்கில் கர்ப்பிணிகளின் இரத்தத்தைப் பார்ப்பது இந்தப் படிப்புப் படித்தவர்கள்தான்.

ஒன்றை மறைக்கமாட்டேன். ஆராய்ச்சி வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலை. நிதி முடிந்தால் வேலையும் முடியும். ஆனபடியால்தான் ஆய்வுகூடப் பட்டத்தை நான் ஆதரிக்கிறேன், ஆஸ்பத்திரியிலும் அது கைகொடுக்கும். யாழ்ப்பாணத்தில் அந்தப் படிப்பு இருக்கிறது. அதற்கும் இசட் புள்ளி பார்ப்பார்கள் என்பதால், விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கைக் கவனமாகப் போடவேண்டும். தாதியியலையும் உயிரியல் விஞ்ஞானத்தையும் அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள். அனுப்புமுன் படிவத்தை என்னிடம் ஒருக்கால் காட்டுங்கோ.